டிக்ஸி டீனின் 60 கோல்: அந்தக் காலத்தில் அது சுலபமா?

2024 ஜனவரி 20, ஒரு வாசகரின் கேள்வி

1927-28 பருவத்தில் லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கால்பந்து அணிக்கு ஆடிய டிக்ஸி டீன் லீக்கில் மட்டும் 60 கோல் அடித்தார் என்பதை ஆண்டுக்கொருமுறை யாராவது தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் தற்காப்பு என்று ஒன்று இருந்ததா? ஆஃப்சைடு விதியை அப்போதுதான் தளர்த்தியிருந்தார்கள். கோல் கீப்பரைத் தோளால் இடித்து வலைக்குள் தள்ளினாலும் கோல்தான். மான்செஸ்டர் சிட்டிக்குக் கோலாக அடித்துத் தள்ளும் ஹாலண்ட் அன்று பிறந்திருந்தால் 100 அடித்திருப்பார். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள், பெருமூச்சு வேண்டாம்.

2024 ஜனவரி 21, காலை

நான் மறுக்கிறேன். காரணமும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நான் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பர்க்கன்ஹெட்டில் பஸ் ஓட்டுகிறவன். டீன் பிறந்த லேர்ட் தெரு வழியாக வாரத்தில் ஐந்து நாள் போய் வருகிறேன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆஃப்சைடு பற்றி நீங்கள் சொன்னது உண்மை. 1925 கோடைவரை, பந்து அனுப்பப்படும்போது முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்கவேண்டும், இல்லையென்றால் ஆஃப்சைடு, ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். இது பின்வரிசைக்காரர்களுக்கு வசதியாகப் போனது. இருவரில் ஒருவர் நடுக்கோடுவரை ஏறி நின்றுகொள்வார், ஆட்டம் அங்கேயே செத்துவிடும். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இதில் பெயர் வாங்கியவர். ஜனங்கள் சலித்துப்போகவே, மூன்றை இரண்டாக்கினார்கள். லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் 1924-25ல் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த பருவம் 1,703. ஆட்டங்கள் அதே 462தான். அதாவது ஆட்டத்துக்கு 2.58 என்றிருந்தது ஒரே ஆண்டில் 3.69 ஆனது. வெள்ளம்தான்.

ஆனால் வெள்ளம் எல்லோர் வீட்டு வாசலிலும்தானே வந்தது? முதல் டிவிஷனில் 22 அணிகள், கோல் அடிப்பதற்கென்றே முன்வரிசை நடுவில் நிற்கும் சென்டர் ஃபார்வர்டுகள் 22 பேர். விதி மாறிய முதல் பருவத்தில், தற்காப்பு திகைத்துப்போய் நின்ற அந்தப் பருவத்தில், பிளாக்பர்னின் டெட் ஹார்ப்பர் அடித்தது 43. டீன் அதே பருவத்தில் 32. திகைப்பெல்லாம் தெளிந்து, மூன்றாவது பருவத்தில்தான் 60 வந்தது. 42 ஆட்டங்களில் 60.

திகைப்பு எப்படித் தெளிந்தது என்பதும் முக்கியம். 1925 அக்டோபரில் நியூகாசில் ஆர்செனலை 7-0 என்று அடித்துத் துவைத்தது. அதன்பின் ஆர்செனலின் சார்லி பக்கன், மேலாளர் ஹெர்பர்ட் சாப்மனிடம் பிடிவாதம் பிடித்து, நடுவில் ஆடும் சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது காவலாக நிறுத்தவைத்தார். அவருக்கு ஒரே வேலை: எதிரணி சென்டர் ஃபார்வர்டின் நிழலாக நிற்பது. பிற அணிகளும் இதைப் பார்த்துச் செய்யத் தொடங்கின. ஆக, டீனுக்கென்றே ஒரு காவல்காரரை நிறுத்தத் தொடங்கிவிட்ட காலம் அது.

2024 ஜனவரி 21, மாலை

திருத்தம். 42 ஆட்டங்களில் என்று எழுதிவிட்டேன். எவர்ட்டன் ஆடியது 42, டீன் ஆடியது 39. என் கட்சிக்குச் சாதகமான தகவலை நானே மறந்திருக்கிறேன், பாருங்கள்.

2024 ஜனவரி 22

இன்று அவருடைய பிறந்தநாள். 1907 ஜனவரி 22, லேர்ட் தெரு, கதவு எண் 313. அப்பா ரயில் எஞ்சின் ஓட்டுநர். (ஓட்டுநர் குடும்பம்! இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?) எட்டு வயதில் அப்பாவோடு மெர்சி ஆற்றைக் கடந்து குடிசன் பார்க்குக்குப் போய் எவர்ட்டன் ஆட்டம் பார்த்தவர். பள்ளி விட்டபின் விர்ரல் ரயில்வேயில் ஃபிட்டர் வேலை பழகினார். இரவு ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார், பகலில் பந்தாட.

நானும் எட்டு ஆண்டு இரவு ஷிஃப்ட் பார்த்தவன். பகலில் தூங்கத்தான் முடிந்தது, அதுவும் சரியாக இல்லை. 16 வயதில் அது வேறாக இருந்திருக்கும்.

காலை 8.10 வண்டியில் தினமும் ஏறும் ஒரு பெரியவரிடம் பிறந்தநாளைச் சொன்னேன். "டிக்ஸி பிறந்தநாள்" என்றதும் முகம் சுருங்கியது. "பில் என்று சொல்" என்றார். வில்லியம் ரால்ஃப் டீன் என்பதுதான் முழுப்பெயர். டிக்ஸி என்ற பட்டப்பெயர் அவருக்குப் பிடிக்காது. மாநிறமும் சுருண்ட கருத்த முடியுமாக இருந்ததால், அமெரிக்கத் தென்மாநிலங்களைக் குறிக்கும் அந்தச் சொல்லை ஒட்டவைத்தார்கள் என்பது பரவலான விளக்கம். வெள்ளைக்கார ஊரில் கொஞ்சம் நிறம் கூடிய வெள்ளைக்காரருக்கே பட்டப்பெயர் என்றால், மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு முதல் ஆண்டில் டிப்போவில் வைத்த பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

இனிமேல் பில் என்றே எழுத முயல்கிறேன். பழக்கம் விடுமா பார்ப்போம்.

2024 ஜனவரி 24

விடவில்லை. டீன் என்றே எழுதுகிறேன், பொதுவாக இருக்கும்.

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "டீனைப் போல இன்னொருவர் இரண்டாம் டிவிஷனில் 59 அடித்திருக்கிறாரே, அப்படியானால் அது அக்காலத்தில் சகஜம்தானே" என்கிறார். நல்ல அடி. ஜார்ஜ் காம்செல். டரம் பகுதிச் சுரங்கத் தொழிலாளி, மிடில்ஸ்பரோ அணிக்கு ஆடியவர். 1926-27ல் 37 ஆட்டங்களில் 59.

இருவர் அடித்தால் சகஜம் ஆகிவிடுமா? அந்த 59க்கு முன்பும் அந்த 60க்குப் பின்பும் ஆங்கிலேய லீக்கின் எந்த டிவிஷனிலும் எவரும் அங்கே எட்டவில்லை. டாம் வாரிங் 49, டெட் டிரேக் 42, இவையெல்லாம் அவரவர் அணிகளில் இன்றுவரை கொண்டாடும் எண்கள். 60ஐத் தொட அவற்றுக்கே பத்துக்கும் மேல் பாக்கி இருக்கிறது.

இன்னொன்று. எவர்ட்டன் அந்தப் பருவத்தில் அடித்த மொத்தம் 102. அதில் 60 டீன். நூற்றுக்கு 59. மான்செஸ்டர் சிட்டி 2022-23ல் அடித்தது 94, ஹாலண்ட் 36. நூற்றுக்கு 38. "எல்லோரும் கோல் மழை பொழிந்த காலம்" என்பவர்கள், டீனைத் தவிர்த்த எவர்ட்டன் 42 ஆட்டங்களில் 42 கோல்தான் அடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்த 42ஐ வைத்துக்கொண்டு சாம்பியன் ஆக முடியாது.

2024 ஜனவரி 25

படுத்தபின் காம்செல் நினைவாகவே இருந்தது. ஆட்டத்துக்கு இத்தனை என்று கணக்கிட்டால் காம்செல் 1.59, டீன் 1.54. இங்கிலாந்துக்கு டீன் 16 ஆட்டங்களில் 18 கோல். காம்செல் 9 ஆட்டங்களில் 18! ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் அடித்திருக்கிறார். ஒன்பது முறைதான் கூப்பிட்டார்கள், அதையும் 1929 தொடங்கி 1936 வரை நீட்டி.

59 என்ற சாதனை அவர் கையில் ஓர் ஆண்டுதான் இருந்தது. டீன் அதைத் தட்டிப் பறித்த அதே 1927-28ல், முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்த மிடில்ஸ்பரோ கடைசி இடத்தில் வந்து மறுபடி கீழே இறங்கியது. காம்செல் அந்தப் பருவத்திலும் 33 அடித்திருந்தார். 33 அடித்தும் கடைசி. ஒரு மனிதர் இதற்கு மேல் என்ன செய்யவேண்டும்?

இந்த இழையில் நான் தவறான ஆளுக்கு வாதாடுகிறேனோ என்று ஒரு சந்தேகம். ஆனால் என் பஸ் மிடில்ஸ்பரோ வழியாகப் போவதில்லை.

2024 ஜனவரி 28

பந்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். என் வயதுக்காரர்களுக்கு இது நினைவிருக்கும். ஊரில் பள்ளி அணிக்கு நாங்கள் ஆடியது தோல் பந்து. உள்ளே ரப்பர் பிளாடர், வாயைக் கட்டி உள்ளே திணித்து, மேலே தோல் நாடாவை ஊசியால் கோத்து இறுக்குவோம். காய்ந்திருக்கும்போது பரவாயில்லை. மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கருங்கல்லாகிவிடும். நானும் சென்டர் ஃபார்வர்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். ஒருமுறை அப்படிப்பட்ட பந்தைத் தலையால் முட்டினேன். நாடா முடிச்சு இருந்த பக்கம் நெற்றியில் பட்டது. தையல் பதிந்த தடம் மூன்று நாள் இருந்தது. அந்த வாரம் கணக்குப் பாடம் மட்டும் என்றில்லை, எந்தப் பாடமும் ஏறவில்லை. அதன்பின் உயரப் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பேன், படாத மாதிரி.

டீன் அத்தகைய பந்தைப் பதினைந்து ஆண்டுகள் தலையால் அடித்தவர். உயரமும் பெரிதில்லை, 5 அடி 10 அங்குலம் சுற்றி. மற்றவர்கள் குதித்து இறங்கத் தொடங்கும் வேளையில் அவர் இன்னும் மேலே நின்றுகொண்டிருப்பார் என்பார்கள். அந்த நேரக் கணக்குத்தான் வித்தை. பலம் இரண்டாவது.

2024 ஜனவரி 28, இரவு

தலை என்றதும் வரும் கதையையும் முடித்துவிடுவோம். 1926 ஜூன் மாதம், வட வேல்ஸில் ஹோலிவெல் அருகே மோட்டார் சைக்கிள் விபத்து. மண்டை ஓட்டிலும் தாடையிலும் எலும்பு முறிவு. பிழைப்பதே சந்தேகம் என்றிருந்தவரை, இனி பந்தைத் தொடவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். அதே ஆண்டு இறுதிக்குள் ஆடத் திரும்பி, எஞ்சிய 27 லீக் ஆட்டங்களில் 21 கோல். அடுத்த பருவம்தான் அந்த 60.

"மண்டைக்குள் இரும்புத் தகடு வைத்திருந்தார்கள், அதனால்தான் அப்படி முட்டினார்" என்று இங்கே இன்றும் சொல்வார்கள். பொய். தகட்டோடு ஆடவில்லை. ஆனாலும் இந்தக் கதை ஏன் சாகவில்லை என்பது எனக்குப் புரிகிறது: வெறும் எலும்பால் அதைச் செய்தார் என்பதைவிடத் தகடு நம்பத் தகுந்ததாக இருக்கிறது.

அதற்கும் முன்னால், பர்க்கன்ஹெட்டின் டிரான்மியர் ரோவர்ஸ் கிளப்பின் ரிசர்வ் அணியில் 17 வயதுப் பையனாக ஆடியபோது, ஒரு தற்காப்பு வீரரின் உதையில் ஒரு விரையை இழந்தார். வலியில் சுருண்டு கிடந்தவரைச் சக வீரர் ஒருவர் தேய்த்துவிட வந்தபோது, தேய்க்காதே, எண்ணிப் பார் என்று கத்தினாராம். இது அவரே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த கதை, மெருகேறியிருக்கலாம். உதை உண்மை. "அன்று தற்காப்பு என்று ஒன்று இருந்ததா" என்று கேட்டீர்களே. இருந்தது, இப்படி இருந்தது. கோல் கீப்பரை இடிக்கலாம் என்ற விதி இருந்த ஆடுகளத்தில் சென்டர் ஃபார்வர்டை மட்டும் பூப்போல வைத்திருப்பார்களா? மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே 1965வரை லீக்கில் கிடையாது. காலில் அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஓரத்தில் நிற்கவேண்டியதுதான்.

2024 பிப்ரவரி 3

சரி, அந்த மே மாதத்தைச் சொல்லாமல் இந்த இழை முடியாது.

மூன்று ஆட்டங்கள் பாக்கி, டீன் 51ல் நிற்கிறார். காம்செலைத் தாண்ட 9 வேண்டும். ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 2. பர்ன்லிக்கு எதிராக 4. கடைசி ஆட்டம் 1928 மே 5, குடிசன் பார்க், எதிரணி ஆர்செனல். வேண்டியது 3.

லீக் பட்டம் ஏற்கெனவே எவர்ட்டன் கையில். பின்தொடர்ந்த ஹடர்ஸ்ஃபீல்டு தோற்றுவிட்டதால் கணக்கு முடிந்துவிட்டது. ஆகவே அன்று 48,000க்கும் மேற்பட்டோர் வந்தது ஒரே ஓர் ஆளைப் பார்க்க. ஆர்செனல் முதல் கோலைப் போட்டது. உடனே டீன் தலையால் ஒன்று. அடுத்துப் பெனால்டி, அதையும் டீனே அடித்தார். 59. ஆர்செனலுக்கும் இன்னொன்று விழுந்து 2-2. பிறகு ஆட்டம் இழுத்தது. இடைவேளை போனது, ஒரு மணி நேரம் தாண்டியது, ஒன்றும் விழவில்லை. கடைசிப் பத்து நிமிடம் நடக்கும்போது இடப்பக்கம் கார்னர். அலெக் டுரூப் அடிக்கிறார். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தலை எழுகிறது.

ஆர்செனல் அதன்பின் இன்னொன்று போட்டு 3-3 என்று முடித்தது. அதை யார் பார்த்திருப்பார்கள்?

அன்று ஆர்செனல் பக்கம் நின்றவர் சார்லி பக்கன். ஆம், மேலே ஜனவரி 21ல் எழுதினேனே, சென்டர் ஃபார்வர்டை அடக்க மூன்றாவது காவலைக் கொண்டுவரச் செய்தவர், அவரேதான். அதுதான் அவருடைய ஓய்வுக்கு முந்தைய கடைசி ஆட்டம். தான் யோசித்த பூட்டை ஒருவன் திறந்துகொண்டு போவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

2024 பிப்ரவரி 4

டுரூப் பற்றி இரண்டு வரி எழுதாமல் போனது தப்பு. ஸ்காட்லாந்தின் ஃபோர்ஃபர் ஊர்க்காரர், குள்ளம், இடது ஓரத்தில் ஓடி ஆடும் விங்கர். தோள்பட்டை எலும்பு சரியில்லாததால் ஆட்டத்துக்கு ஆட்டம் கட்டுப்போட்டுக்கொண்டு இறங்குவார். டீனின் தலைக்குப் பந்தை அளந்து வைத்தவர் அவர். லாரியில் வரும் மூட்டையை இறக்குபவருக்குத்தான் எல்லோரும் கைதட்டுகிறார்கள், ஓட்டிவந்தவனை யாரும் பார்ப்பதில்லை. (ஓட்டுநர் கட்சி மறுபடியும்.)

2024 பிப்ரவரி 6

அமெரிக்காவில் இருக்கும் நண்பர் ஒருவர், பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1927ல் 60 ஹோம் ரன் அடித்ததை நினைவூட்டினார். ஓர் ஆண்டு இடைவெளியில் இரு நாடுகளில் அதே எண். ரூத்தின் 60ஐ 1961ல் ரோஜர் மாரிஸ் தாண்டினார். டீனின் 60 இன்னும் நிற்கிறது. இதில் பொருள் ஒன்றும் இல்லை, எண்கள் ஒத்துப்போனால் மனசு குதிக்கிறது, அவ்வளவுதான்.

2024 பிப்ரவரி 10

"9ஆம் எண் சட்டையை முதலில் அணிந்தவர் டீன்தான்" என்று பஸ்ஸில் ஒருவரிடம் அடித்துச் சொன்னேன். 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம், வெம்பிளி, எவர்ட்டன் 3 மான்செஸ்டர் சிட்டி 0. டீன் ஒன்று அடித்தார். எவர்ட்டனுக்கு 1 முதல் 11, சிட்டிக்கு 12 முதல் 22 என்று முதுகில் எண் போட்டு ஆடிய இறுதியாட்டம். சிட்டி கோல் கீப்பர் முதுகில் 22! பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் மேலாளராகப் பெயர் வாங்கிய மாட் பஸ்பியும் அந்த அணியில் ஆடினார்.

2024 பிப்ரவரி 11

நேற்று சொன்னது தவறு. 1928 ஆகஸ்டிலேயே ஆர்செனலும் செல்சியும் தத்தம் லீக் ஆட்டங்களில் எண் போட்டுப் பார்த்திருக்கின்றன. கோப்பை இறுதியாட்டத்தில் முதல் 9 டீன், அதுவரை சரி. பஸ்ஸில் அந்த ஆளை மறுபடி பார்த்தால் சொல்லவேண்டும். அவர் காசு கொடுத்து ஏறியவர், பொய் சொல்லி அனுப்பக்கூடாது.

2024 பிப்ரவரி 15

கூலி. ஒருவரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன்.

அன்று லீக்கில் ஓர் ஆட்டக்காரருக்கு அதிகபட்சச் சம்பளம் வாரம் 8 பவுண்டு. ஆட்டமில்லாத கோடையில் 6. 60 அடித்தவருக்கும் 8தான், 6 அடித்தவருக்கும் 8தான். இந்த உச்சவரம்பு 1961ல்தான் ஒழிந்தது. அணி விட்டு அணி போவதும் ஆட்டக்காரர் கையில் இல்லை; பதிவு கிளப்பிடம் இருக்கும், கிளப் விடாமல் அசைய முடியாது. 1925ல் 18 வயதில் டிரான்மியரிலிருந்து எவர்ட்டன் அவரை 3,000 பவுண்டுக்கு வாங்கியது. 1938 மார்ச்சில் நாட்ஸ் கவுண்டிக்கு விற்றது. என்ன விலைக்கு? அதே 3,000. நடுவில் 399 லீக் ஆட்டங்களில் 349 கோல், இரண்டு லீக் பட்டம், ஒரு கோப்பை, இரண்டாம் டிவிஷன் பட்டம் ஒன்று. வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டார்கள், பதின்மூன்று ஆண்டு ஓட்டிய வண்டியைப் போல. ஆனால் என் பழைய காருக்கு அந்த விலை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாம் டிவிஷன் பட்டம் என்றேனே, அது ஏன் வந்தது? 1930ல் எவர்ட்டன் கீழே இறங்கியது. காயங்களால் டீன் அந்தப் பருவத்தில் 25 ஆட்டங்களே ஆடினார், 23 கோல். காம்செலைப் போலவே, அடித்துக்கொண்டே மூழ்கியிருக்கிறார். அடுத்த பருவம் 39 அடித்து மேலே இழுத்துவந்தார். அதற்கடுத்து 45 அடித்து முதல் டிவிஷன் பட்டம். 60ஐ மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். எனக்கு இப்போது அந்த 45தான் பெரிதாகத் தெரிகிறது. விதி மாறி ஏழாவது பருவம், டீன் அடிவாங்கிய உடம்போடு 25 வயதில். வெள்ளம் வடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

2024 பிப்ரவரி 16

கேள்வி கேட்ட நண்பர், "1928ல் வெம்பிளியில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 5-1 என்று அடித்ததே, உங்கள் டீன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்" என்கிறார். நன்றாகப் படித்திருக்கிறார், மனிதர். மார்ச் 31, மழை, இங்கிலாந்தின் சென்டர் ஃபார்வர்டு டீன்தான். ஒன்றும் அடிக்கவில்லை. ஒரே கோல் பாப் கெல்லியுடையது. ஒப்புக்கொள்கிறேன். 60 கோல் பருவத்தின் நடுவே அப்படியொரு சனிக்கிழமையும் இருந்தது.

2024 பிப்ரவரி 18

கதை கேட்டவர்களுக்கு: லிவர்பூல் கோல் கீப்பர் எலிஷா ஸ்காட் தெருவில் எதிரே வந்தபோது டீன் வணக்கம் சொல்லும் பாவனையில் தலையாட்டினாராம், ஸ்காட் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தாராம். நடந்திருக்காது. 8.10 பெரியவர் இதைத் தன் அப்பா நேரில் பார்த்ததாகச் சொல்கிறார். நேரில் பார்த்த அப்பாக்கள் இந்த ஊரில் ஆயிரம் பேராவது இருப்பார்கள்.

2024 பிப்ரவரி 24

கடைசிக் காலம். 1937 ஜனவரியில் பர்ன்லியிலிருந்து டாமி லாட்டன் என்ற 17 வயதுப் பையனை எவர்ட்டன் 6,500 பவுண்டுக்கு வாங்கியது. யாருடைய இடத்துக்கு என்பது இருவருக்கும் தெரியும். டீன் அந்தப் பையனிடம், என் இடத்துக்குத்தான் வந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன் என்று சொல்லி, பந்தைத் தலையால் அடிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். லாட்டன் 1938-39ல் 34 அடித்து எவர்ட்டன் சாம்பியன் ஆனது.

நான் டிப்போவில் புதிய ஓட்டுநர்களுக்குப் பாதை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் பாதையையே எடுத்துக்கொள்ள வருகிறவனுக்கு அவ்வளவு மனமுவந்து சொல்லியிருப்பேனா? இரண்டு குறுக்கு வழியையாவது ஒளித்திருப்பேன்.

நாட்ஸ் கவுண்டியில் 9 ஆட்டம், 3 கோல். 1939ல் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸுக்குப் போய் 7 லீக் ஆட்டங்களில் 10 கோல். கோப்பை இறுதிவரை போய், மறு ஆட்டத்தில் ஷெல்போர்னிடம் தோற்றார்கள். பிறகு போர். போருக்குப் பின் செஸ்டரில் டப்ளின் பாக்கெட் என்ற மதுக்கடையை நீண்ட நாள் நடத்தினார். அதன்பின் லிட்டில்வுட்ஸ் நிறுவனத்தில் போர்ட்டர் வேலை. கால்பந்து முடிவுகளை வைத்துப் பந்தயம் கட்டும் சீட்டு நிறுவனம் அது. 60 கோல் அடித்தவர் அங்கே போர்ட்டர். இதைக் கேட்டு நான் கொதித்தபோது 8.10 பெரியவர், "அவருக்கு அங்கே சந்தோஷம்தான், எல்லோரும் பேச வருவார்கள்" என்றார். அதையும் பதிவு செய்கிறேன். கொதிப்பு என்னுடையது, அவருடையது அல்ல. 1976ல் வலது காலை எடுக்கவேண்டியதாயிற்று.

2024 மார்ச் 1

1980 மார்ச் 1, சனிக்கிழமை. குடிசன் பார்க்கில் எவர்ட்டன், லிவர்பூல் ஆட்டம். பார்க்க வந்திருந்த டீன் அரங்கிலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 73. எட்டு வயதில் அப்பாவோடு வந்த அதே அரங்கு. எவர்ட்டன் 1-2 என்று தோற்றது.

இன்றோடு 44 ஆண்டு. நாளை வெஸ்ட் ஹாம் வருகிறது. டிக்கெட் வைத்திருக்கிறேன். புதிய அரங்கு துறைமுகக் கரையில் எழும்பிக்கொண்டிருக்கிறது, அடுத்த ஆண்டு அங்கே போய்விடுவார்கள். இங்கே இன்னும் எத்தனை முறை உட்காரக் கிடைக்கும்?

2024 மார்ச் 3

போய்வந்தேன். அரங்குக்கு வெளியே டீனின் வெண்கலச் சிலை. கீழே மூன்றே சொல்: கால்பந்து வீரர், கனவான், எவர்ட்டன்காரர். சிலையின் காலடியில் ஓர் அப்பா தன் பையனை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பையன் கையில் இருந்த பந்தைச் சிலையை நோக்கித் தூக்கிப்போட்டான். அது திரும்பி வராமல் என் காலடிக்கு உருண்டது. எடுத்துக் கொடுத்தேன். இறகு போல எடையே இல்லை.

ஆட்டத்தைக் கேட்பீர்கள். இடைவேளைக்குச் சற்று முன் எவர்ட்டனுக்குப் பெனால்டி. சென்டர் ஃபார்வர்டு பேட்டோ அடித்தார், கோல் கீப்பர் பிடித்துவிட்டார். இடைவேளைக்குப் பின் அதே பேட்டோ, வந்த பந்தைத் தலையால் முட்டி உள்ளே போட்டார். என் பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். பிறகு வெஸ்ட் ஹாம் மூன்று போட்டது. 1-3.

2024 மார்ச் 4

காலை 8.10. பெரியவர் ஏறினார், அட்டையைக் காட்டினார், போகாமல் நின்றார்.

"பெனால்டியை ஏன் அவன் அடித்தான்?" என்றார்.

"சென்டர் ஃபார்வர்டு, வேண்டும் என்று கேட்டிருப்பான்" என்றேன்.

"பில்லும் கேட்டுத்தான் அடித்திருப்பார்" என்று கொஞ்சம் யோசித்தார். "ஆனால் உள்ளே போட்டார்."

பின்னால் வரிசை நின்றது. கதவைச் சாத்திவிட்டு லேர்ட் தெருவுக்குள் திரும்பினேன்.